ரங்கூன் தாத்தாவின் டப்பாவில் மூன்று வெள்ளி டாலர்: எது அசல், எது டூப்பு?

தேன்மொழி, ராயபுரம்:

எல்லாருக்கும் வணக்கம். பழைய காசு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவின் அப்பா ரங்கூனில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்த பிறகு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். போன மாதம் கல்மண்டபத்தில் இருந்த பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் அவருடைய தகர டப்பா கிடைத்தது. உள்ளே இரண்டு பெரிய வெள்ளிக் காசு. "தாத்தாவோட அமெரிக்கா டாலர்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

முதல் காசில் ஒரு பெண் கையில் சூலம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கேடயம், பின்னால் ஒரு கப்பல். ஒன் டாலர், 1903 என்று எழுதியிருக்கிறது. திருப்பினால் சீன எழுத்து! அமெரிக்கக் காசில் சீன எழுத்து எதற்கு?

இரண்டாவது காசைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உட்கார்ந்திருக்கும் பெண், 1877, பின்னால் கழுகு. ஆனால் யாரோ உளி வைத்து அடித்த மாதிரி நாலைந்து இடத்தில் குழி, குழிக்குள் குட்டிக் குட்டி எழுத்து. ஒரு பக்கம் கரி மாதிரி கறுப்பு. இன்னொரு பக்கத்தைப் பொங்கலுக்கு அம்மா புளி போட்டு விளக்கிவிட்டார். ஒரு கடையில் காட்டினேன். "அடிபட்ட காசும்மா, உருக்கத்தான் ஆகும்" என்று எடைக்கு மட்டும் விலை சொன்னார்கள்.

மூன்றாவது தாத்தாவுடையது இல்லை. 2018ல் என் தம்பி பூக்கடைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. டப்பா கிடைத்ததும் ஜோடி சேரட்டும் என்று அவனே இதில் போட்டுவிட்டான். கூந்தல் தொங்கும் பெண், பின்னால் கழுகு, 1804. பளபளவென்று புதுசு மாதிரி இருக்கிறது. 1804 டாலர் கோடிக்கணக்கில் போகிறது என்று போனில் பார்த்ததிலிருந்து அவன் ராத்திரி தூங்குவதில்லை. வண்டி லோனை ஒரே தவணையில் அடைக்கப் போகிறானாம்.

எது அசல், எது டூப்பு, எப்படிப் பார்ப்பது? கடைக்குப் போய் ஏமாறுவதற்கு முன்னால் நானே வீட்டில் ஏதாவது பார்க்க முடியுமா?

பெரம்பூர் வாசு:

முதலில் தம்பியிடம் லோனை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள் சகோதரி.

1804 காசைக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது, உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தம் இல்லை. பித்தளையும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. நிறையப் பேர் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மீதியை நம்ம வெள்ளிக்கடை ஐயா வந்து சொல்வார், காத்திருங்கள்.

பழைய வெள்ளிக்கடைக்காரன், கொண்டித்தோப்பு:

வந்துவிட்டேன் வாசு. தேன்மொழியம்மா, நான் முப்பத்தெட்டு வருஷம் சவுகார்பேட்டையில் வெள்ளிப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தவன். காசு விற்பவன் இல்லை, சேர்ப்பவன் மட்டும்தான். ஏமாந்த கதையை முதலில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

1994ல் ஒருவர் எனக்கு 1799ஆம் வருஷத்து அமெரிக்க டாலர் ஒன்றை 700 ரூபாய்க்குக் கொடுத்தார். அப்போது என் சம்பளம் 1,800. நான் யார்? தினமும் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவன். கல்லில் உரைத்தேன், வெள்ளிக் கோடு. ஓரத்தில் அரம் வைத்துக் கொஞ்சம் ராவி, உள்ளேயும் உரைத்துப் பார்த்தேன், அப்போதும் வெள்ளி. முலாம் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எட்டு மாதம் அதை எல்லாரிடமும் காட்டிப் பெருமை அடித்தேன். அப்புறம் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கினார். தலையையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. நேராக விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளி நல்ல வெள்ளிதான் தம்பி, காசுதான் பொய்" என்றார்.

வெள்ளியை உருக்கி வார்த்த காசு அது. நான் வெள்ளியைச் சோதித்தேனே தவிர காசைச் சோதிக்கவில்லை.

அவர் ஏன் விளிம்பைப் பார்த்தார் என்பது முக்கியம். அமெரிக்க அரசு 1794ல் முதல் வெள்ளி டாலரை அடித்தது. அதிலிருந்து 1803 தேதி வரைக்கும் உள்ள டாலர்களில் தலைப்பக்கமும் சரி, கழுகுப்பக்கமும் சரி, எத்தனை டாலர் என்று எங்கேயும் எழுதியிருக்காது. மதிப்பு விளிம்பில்தான் இருக்கும்: "ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்" என்று சுற்றிலும் எழுத்து, நடுநடுவே சின்னப் பூவேலை. காசை அடிப்பதற்கு முன்பே தகட்டை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் உருட்டி அந்த எழுத்தைப் பதிப்பார்கள். அந்தக் காலத்து அரை டாலருக்கும் இதே கதைதான், அதன் விளிம்பில் "ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்" என்று இருக்கும், 1836 வரை. நம்ம ரூபாய் மாதிரி விளிம்பு முழுக்க வரி வரியாகக் கோடு இருந்தால் அது அந்தக் காலத்து டாலரே இல்லை. தம்பியின் காசை எடுத்து விளிம்பை மட்டும் பாருங்கள்.

என் 1799ல் எழுத்தும் இல்லை, வரியும் இல்லை. அரம் போட்டு ராவிய கோடுதான் சுற்றிலும். இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் ஒரு தழும்பு நிற்கும் அல்லவா, அதை அழிக்க ராவியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எழுத்தின் ஓரமெல்லாம் சோப்பு கரைந்த மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. வெற்று இடத்தில் கடுகில் பாதி அளவுக்குக் குமிழ்கள். அச்சில் அடித்த காசில் குமிழ் வராது, அடியின் வேகத்தில் உலோகம் பிதுங்கி எழுத்தின் விளிம்பு வெட்டின மாதிரி நிற்கும். எடை 25.1 கிராம். இருக்க வேண்டியது 26.96. தேய்மானத்தில் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் முகத்தில் மூக்கு முழி எல்லாம் தெளிவாக இருக்கும்போது இரண்டு கிராம் எங்கே தேய்ந்தது?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரக்கோடு என்றாலே டூப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து டாலரின் முகத்தில் சில சமயம் இணையான அரக்கோடுகள் இருக்கும். தகடு எடை அதிகமாக வந்துவிட்டால் அடிப்பதற்கு முன்னால் அங்கேயே ராவி எடையைக் குறைப்பார்கள். அந்தக் கோடு உருவத்துக்கு அடியில் அமுங்கிப்போய்த் தெரியும், உருவத்தை வெட்டிக்கொண்டு மேலே போகாது. இதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும், எனக்கே நாலைந்து வருஷம் ஆனது.

இனி 1804. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தேதி போட்ட டாலர் உலகத்திலேயே 16தான் தெரிந்திருக்கிறது. அந்தப் பதினாறில் ஒன்றுகூட 1804ல் அடித்தது இல்லை! அந்த வருஷம் அடித்த 19,570 டாலரும் பழைய தேதி அச்சில் அடித்தவை. முப்பது வருஷம் கழித்து 1834ல் சயாம் ராஜாவுக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாக ஒரு காசு வரிசை அனுப்ப நினைத்தபோதுதான் 1804 என்று தேதி போட்டு அடித்தார்கள். மீதி சில அதற்கும் பின்னால் வந்தவை. அவை யார் யார் கை மாறியது என்று வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பூக்கடை நடைபாதை வராது.

முதல் காசைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏளனம் இல்லை, சந்தோஷம். அது அமெரிக்கக் காசே இல்லை. நிற்பவள் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டையே ஒரு பெண்ணாகக் காட்டும் சின்னம். ஆங்கிலேயர்கள் ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு பக்கம் வியாபாரத்துக்காக 1895 முதல் 1935 வரை அடித்த டாலர். பின்னால் சீன எழுத்தோடு ஜாவி எழுத்தும் இருக்கும், அதாவது அரபு எழுத்தில் மலாய். பெரும்பாலும் அடித்தது எங்கே தெரியுமா? பம்பாயில். சூலத்தின் நடு முள்ளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பொடியாக ஒரு "பி" வெட்டியிருந்தால் பம்பாய். டாலர் என்று எழுதியிருந்தாலே அமெரிக்கா என்று நம் ஊரில் பேர் வைத்துவிடுகிறார்கள், விற்பவர்களும் அப்படியே சீட்டு எழுதி ஒட்டிவிடுகிறார்கள். காசு அசலாக இருந்து பேர் மட்டும் தப்பாக இருப்பது நான் பார்த்ததில் பாதிக்குப் பாதி.

இரண்டாவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். அதை யாரிடமும் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள், அது போதும். அம்மாவிடம் புளி டப்பாவை ஒளித்து வையுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தெரிந்த பத்தர் யாராவது இருந்தால் அவர் பட்டறைக்குப் போங்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டும் தராசு வேண்டும். முதலில் காசைச் சும்மா எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் படக்கூடாது, பக்கத்தில் உரசக்கூடாது. காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் நூலை இரண்டு தடவை தட்டிவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் இந்த டாலர்களின் கலப்பு வெள்ளிக்கு 10.3க்குப் பக்கத்தில் வர வேண்டும். செம்பு என்றால் 9க்குக் கொஞ்சம் கீழே, பித்தளையும், வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வரும் எட்டரை எட்டேமுக்காலில் நிற்கும். இதில் காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. உரைகல்லை எடுக்கவே கூடாது, என் புத்தியை நீங்களும் செய்ய வேண்டாம்.

காசிமேடு ஜான்:

ஐயா, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கணும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஒரு ராஜா தலை, "கரோலஸ்" என்று எழுத்து, 1796. வாங்கியபோது உறையில் "அமெரிக்காவின் முதல் டாலர்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எடை 26.7 வருகிறது.

பழைய வெள்ளிக்கடைக்காரன், கொண்டித்தோப்பு:

ஜான் தம்பி, அது ஸ்பெயின் ராஜா நான்காம் கார்லோஸ், காசு எட்டு ரியால், ஸ்பானிய டாலர் என்பதும் இதைத்தான். பின்பக்கச் சுற்றெழுத்தில் "எம்" மேல் ஒரு குட்டி "ஓ" இருந்தால் மெக்சிகோ நாணயசாலை. உறையில் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்கர்கள் தங்கள் டாலரையே இதைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள், 1857 வரை அங்கே இது சட்டப்படி செல்லும் காசு. ஆனாலும் ஸ்பானியக் காசு ஸ்பானியக் காசுதான்.

எடை ஒத்துவருகிறது, புதுசில் 27 கிராமுக்குக் கொஞ்சம் மேல். விளிம்பைப் பாருங்கள், வட்டமும் கட்டமும் மாறி மாறி வர வேண்டும். இந்தக் காசுக்கு அந்தக் காலத்திலேயே டூப்பு உண்டு, அதனால் பழசாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள்.

நம்ம ஊர் சங்கதி ஒன்று. 1808 வாக்கில் மதராஸ் நாணயசாலையில் கோபுரமும் பெருமாளும் போட்டு வெள்ளியில் அரைவராகன் அடித்தார்கள். பலவற்றை இந்த ஸ்பானிய டாலரின் மேலேயே வைத்து அடித்தார்கள், உருக்குகிற வேலை மிச்சம். சரியாக அடிபடாத காசில் கோபுரத்துக்கு அடியில் பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, ராஜாவின் மூக்கு நுனி மட்டும் தெரியும்.

தேன்மொழி, ராயபுரம்:

ஐயா, நேற்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பத்தரிடம் போனோம். தம்பியும் கூடவே வந்தான். ஐயாவுக்கு வெள்ளி தெரியும், ஆனால் அமெரிக்கா பற்றி என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

1804 காசு 22.60 கிராம். தண்ணீரில் 2.64. வகுத்தால் 8.56. விளிம்பு முழுக்க வரிக்கோடு, எழுத்தே இல்லை. பத்தர் எதுவும் சொல்லாமல் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பிரிட்டானியா 26.70, தண்ணீரில் 2.59. சூலத்தில் "பி" இருக்கிறது! அம்மாவிடம் சொன்னேன். "எங்கப்பா அமெரிக்கான்னுதான் சொன்னாரு" என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடிபட்ட காசு 26.98, தண்ணீரில் 2.62. வகுத்தால் 10.3 வருகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

பழைய வெள்ளிக்கடைக்காரன், கொண்டித்தோப்பு:

அர்த்தம் என்னவென்றால், அந்தக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு உருக்கியிருந்தால் இன்றைக்கு நான் அழுதிருப்பேன்.

அது அமெரிக்க டிரேட் டாலர். சீன வியாபாரத்துக்கென்றே 1873 முதல் 1878 வரை அடித்துக் கப்பலில் ஏற்றினார்கள், அதற்குப் பின்னால் சேகரிப்பவர்களுக்காக மட்டும் கொஞ்சம். சாதாரண டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை: 420 கிரெயின், நம் கணக்கில் 27.22 கிராம். சீனாக்காரர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று கழுகுக்குக் கீழே அந்த எடையையும், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி என்பதையும் எழுதியே வைத்தார்கள். நீங்கள் உளி அடி என்று நினைத்தது சீன ஷராப்புகள், அதாவது காசைச் சோதித்து மாற்றிக் கொடுப்பவர்கள், போட்ட முத்திரை. காசு கைக்கு வந்ததும் எடை பார்த்து, வெள்ளியைச் சோதித்து, "நான் பார்த்துவிட்டேன், நல்லது" என்று தன் குறியை அடித்துவிட்டுத்தான் அடுத்தவனுக்குக் கொடுப்பான். ரங்கூன், பினாங்கு வரைக்கும் அந்த நம்பிக்கையோடு சுற்றிய காசு. இந்த முத்திரைகளுக்காகவே தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எடையும் வெள்ளியும் சரியாக வந்ததால் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன், ஒருமுறை சூடுபட்டவன். டூப்பு டிரேட் டாலரில் முத்திரையையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். உங்கள் காசில் முத்திரை விழுந்த இடத்துக்கு நேர் பின்பக்கம் லேசாகத் தட்டையாகியிருக்கிறதா பாருங்கள். நிஜமாக அடித்தால் எதிர்ப்பக்கம் பாதிக்காமல் இருக்காது. குழியின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி எழும்பியிருக்க வேண்டும், நகத்தில் தடவினால் தட்டும். அப்புறம் கழுகு ஒலிவக் கிளையைப் பிடித்திருக்கும் நகத்துக்குக் கீழே ஒரு குட்டிப் பழம் தொங்குகிறதா? ஆரம்ப வருஷத்துக் காசுகளில் அது உண்டு, 1877ல் இருக்கக்கூடாது. டூப்பு அடிப்பவன் ஏதோ ஒரு வருஷத்துப் பின்பக்கத்தை ஏதோ ஒரு வருஷத்துத் தலையோடு சேர்த்துவிடுவான். டிரேட் டாலரே இல்லாத வருஷத் தேதியைப் போட்டுக்கூடப் பர்மா பஜாரில் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர் வாசு:

தேறிவிட்டால் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனத்தில் பிளாஸ்டிக் கூட்டில் சீல் வைத்து வாங்கிவிடலாமே ஐயா?

பழைய வெள்ளிக்கடைக்காரன், கொண்டித்தோப்பு:

அவசரப்படாதே வாசு. நூறு வயசு தாண்டிய காசு 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கூரியரில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது, தொல்லியல் துறையைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகக்கூடாது. கூட்டுக்குள் இருக்கும் காசை வாங்குபவர்களும் அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் கையில் இருக்கும் காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும். கூட்டுக்கே டூப்பு வந்துவிட்டது.

தேன்மொழியம்மா, இன்னும் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கழுகுக்குக் கீழே, டாலர் என்ற எழுத்துக்கு மேலே ஒரு பொடி எழுத்து இருக்கிறதா? "எஸ்" என்றால் சான் பிரான்சிஸ்கோ, நிறைய அடித்தது. "சிசி" என்றால் கார்சன் சிட்டி, அது கொஞ்சம். "சிசி" என்றால் ராத்திரி எத்தனை மணி ஆனாலும் இங்கே எழுதுங்கள்.

தேன்மொழி, ராயபுரம்:

"எஸ்" ஐயா. தம்பிதான் லென்ஸ் வைத்துப் பார்த்தான், 3,500 போன துக்கத்தில் இப்போது லென்ஸை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்கிறான். நகத்துக்குக் கீழே பழம் இல்லை. பெரிய முத்திரைக்கு நேர் பின்னால் கழுகின் சிறகு தட்டையாக இருக்கிறது. குழியின் ஓரம் நகத்தில் தட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டித்தோப்புக்குக் கொண்டு வரட்டுமா? அம்மாவும் வருகிறார், பிரிட்டானியா விஷயத்தில் உங்களிடம் நேரில் பேச வேண்டுமாம்.